நாலு முழம்

நாலே காலுக்கு வேன் டப்பாக்களை இறக்கிவிட்டுப் போகும்.
பவழக்காரத் தெரு முனையில் என் ஆவின் பூத்.
ஷட்டரைப் பாதி தூக்கும்போதே
எதிர் நடைபாதையில் எலியாகு நிற்பார்.
இரும்புக் கடையில் கணக்கு எழுதுகிறவர்,
என்னைவிட நாலு வயது சின்னவர்,
கொச்சியிலிருந்து வந்த யூதக் குடும்பத்தில்
இந்தத் தெருவில் மிச்சம் அவர் ஒருத்தர்.

"லைட்டைக் கொஞ்சம் அணைங்களேன்."
அணைப்பேன்.
பாக்கெட்டுகள் எல்லாம் ஒரே சாம்பல்,
காசிமேட்டு மீன் போல ஒன்றன்மேல் ஒன்று.
பாங்கு முடிந்து வெகுநேரம் கழித்து
ஒன்று நீலமாகும்,
பக்கத்தில் கிடப்பது பச்சையாகும்.
எந்த நொடியில் என்று நான் ஒருநாளும் பிடித்ததில்லை.
அவர் பிடிப்பார். "ஆச்சு."
அரை லிட்டர் நீலத்தோடு ஜபத்துக்குப் போவார்.

ரெண்டாயிரம் வருஷத்துச் சண்டையாம்:
விடிந்தது என்று எப்போது சொல்வது?
நீலத்தையும் வெள்ளையையும் பிரித்துச் சொல்ல முடிந்தால், என்றது ஒரு கட்சி.
இல்லை, நீலத்தையும் வெங்காயத்தாள் பச்சையையும், என்றார் ஒருவர்.
அந்தப் பச்சைக்காரர் கறாரான ஆள்.
என் கடைக்கு ஏற்ற ஆள்.

போன ஆடியில் சர்க்கரை அவர் கண்ணுக்கு ஏறியது.
நீலம் பழுத்துப் பச்சையாயிடுச்சு, என்றார்.
பச்சை?
அதுவும் பச்சைதான்.
ரெண்டு பேரும் சிரித்துத் தொலைத்தோம்.
எழும்பூர் ஆஸ்பத்திரியில் தேதி கொடுத்தது தைக்கு அப்புறம்.

"இன்னொரு கணக்கு இருக்கு.
தெரிஞ்சவங்க முகம் நாலு முழத்துல அடையாளம் தெரிஞ்சா
விடிஞ்சதுன்னு அர்த்தம்."

பூக்கடைச் செண்பகவல்லியை அளக்கக் கூப்பிட்டேன்.
அவள் முழம் குட்டை, ஊருக்கே தெரியும்.
சாமி விஷயம் என்று அன்றைக்கு மட்டும் நியாயமாக அளந்தாள்.
சாக்பீஸில் கோடு.

கோட்டில் அவர். கம்பிக்குப் பின்னால் நான்.
வாய் திறக்கக் கூடாது, குரல் கணக்கில் சேராது.
ஒரு முகம் தெரிய ஒருவர் இப்படி நின்றால்
உள்ளே இருக்கிற சாமிக்கு என்னவெல்லாம் கூச்சமாக இருக்கும்!
ரெண்டு வருஷமாக விட்டிருந்த பொட்டை
மறுபடி வைக்க ஆரம்பித்தேன்.
அடையாளத்துக்குத்தான்.

போகி அன்று மண்ணடி முழுக்க டயர்ப் புகை.
ஆறரை. ஏழு. பால் தீர்ந்துகொண்டிருக்கிறது,
அவர் இன்னும் கோட்டில்,
கண்ணிலிருந்து தண்ணீர் வழிய.
பொறுக்கவில்லை. "எலியாகு, நான்தான்" என்றேன்.

தப்பு பண்ணிவிட்டேன் என்று நின்றேன்.
அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.
"மலையடியில எங்க ஜனங்க குரலைக் கண்டாங்கன்னு எழுதியிருக்கு.
கேட்டாங்கன்னு இல்ல.
கண்டாங்கன்னு."

வீட்டுக்குப் போகவில்லை.
அங்கேயே, கோட்டின்மேல்,
வலது உள்ளங்கையால் ரெண்டு கண்ணையும் பொத்திக்கொண்டு
ஆரம்பித்தார்.

இதற்கா, இத்தனை நாள்
பார்வை தெளியட்டும் என்று நின்றது?

எங்கே பார்ப்பது என்று தெரியாமல்
டப்பாவைப் பார்த்தேன்.
கடைசி நாலு பாக்கெட்.
புகையில் எது நீலம் என்று
எனக்கும் தெரியவில்லை.