மூன்று பூட்டு

வெல்லம்பிட்டியில்
எங்கள் கீரைச் சங்கத்துக்குப்
பத்தொன்பது பாத்திக்காரர், ஒரு தராசு,
ஒரு தண்ணீர் மோட்டர்,
மூன்று பூட்டுப் போட்ட ஒரு தகரப் பெட்டி.

ஒரு திறப்பு குசுமலதாவிடம்.
ஒன்று மவ்சூக் நானாவிடம்.
மற்றது என்னிடம், கணக்குக் கொப்பியோடு.
மூவரும் கூடினால்தான் மூடி திறக்கும்.
அப்படித்தான் தீர்மானம் எழுதினோம்
இரண்டு மொழியில்.
இரண்டிலும் நம்பிக்கை என்ற சொல்
மூன்று தரம் வந்தது.

காரணம் இல்லாமலில்லை.
வல்லாரைக் கட்டின் நடுவே
அழுகல் தண்டைச் செருகியது யாரென்று
இன்றைக்கும் தெரியாது.
தெஹிவளைக் கடைக்காரன்
எண்பது கட்டையும் திருப்பி அனுப்ப,
நட்டத்தைப் பத்தொன்பதாய்ப் பிரித்தோம்.
நிறுக்க முன்னர் கங்குங்கைக் கானுக்குள்
ஒருதரம் முக்கி எடுப்பவர்களும் உண்டு.
நானும் முக்கினேன்.
மகனின் சப்பாத்து வாய்பிளந்த மாதம் அது.

ஞானப்பிரகாசம் சொல்வான்:
"சங்கமென்றால்,
மற்றவன் களவெடுக்காமல் பார்த்திருக்க
மாதம் நூறு ரூபா கட்டுவது."
சிரிப்போம்.
வீட்டுக்குப் போனபின் சிரிப்பு வராது.

பெட்டியின் பின்பக்கம்
பிணைச்சலில் இரண்டு திருகாணி இளகியிருந்தது.
முதல் வருசமே கண்டேன்.
ஐந்து ரூபாக் குத்தி ஒன்று போதும்,
கழன்று வரும்.
ஒருவருக்கும் சொல்லவில்லை.
சொன்னால்,
உனக்கெப்படித் தெரியுமென்று கேட்பார்கள்.

வைகாசி மழையில் களனி பெருகி
வாய்க்கால் எங்கள் பக்கம் திரும்பிய இரவு
மோட்டர் எரிந்துபோனது.
வாடகைப் பம்பும் டீசலும் கொண்டுவந்தவன்
கையில் காசு வைத்தால்தான் இறக்குவேனென்று
லொறியிலேயே குந்தியிருந்தான்.
குசுமலதா கேகாலையில், ஒரு செத்த வீட்டில்.
அவள் திறப்பும் அவளோடு.

போனில் கேட்டோம்.
கொஞ்ச நேரம் மழைச் சத்தம் மட்டும்,
அங்கேயும் மழை.
பிறகு சிங்களத்தில் சொன்னாள்:
"பின்பக்கம் திருப்புங்கள்.
இரண்டு திருகாணி இருக்கும்."

ஆச்சரியப்பட்ட முகத்தை
நான் தேடிக்கொண்டிருக்கையில்
மவ்சூக் நானா
சட்டைப்பையிலிருந்து குத்தியை எடுத்திருந்தார்.
அந்த இருட்டிலும்
அவர் விரல் தடவித் தேடவில்லை.

கொப்பியின்படி முப்பத்தெண்ணாயிரத்து நானூறு.
எண்ணினால் ஐந்நூறு குறைந்தது.
நோட்டுகளுக்கு அடியில்
பிஸ்கட் பெட்டி மட்டைத் துண்டு ஒன்று.
மேலே 2000.
அதன் கீழே 500, 500, 500,
ஒவ்வொன்றும் வேறு வேறு பேனையில்.
பெயரில்லை.
இலக்கத்துக்கு மொழியுமில்லை.

டோர்ச் வெளிச்சத்தில்
அந்த இரண்டின் வால் வளைந்த விதத்தை
எல்லோரும் குனிந்து பார்த்தோம்.
லொறிக்காரன் ஹோர்ன் அடித்தான்.
காசை எடுத்துக்கொண்டு ஓடினோம்.

ஆறு பாத்தி போனது, பதின்மூன்று மிஞ்சியது.
போன ஆறுக்கும் பங்கு உண்டா இல்லையாவென்று
நான்கு கூட்டம் சண்டை பிடித்தோம்.
ஞானப்பிரகாசம் விலகிவிட்டான்.
பேலியகொடைத் தரகனுக்கு
நேரே கொடுக்கிறான் இப்போது,
கிலோவுக்குப் பத்து ரூபா கூட.
சந்தையில் கண்டால் தலையாட்டுவான்.
அவன் கைப்பட நிரப்பிய படிவம்
இன்னும் என் அலுமாரியில் இருக்கிறது.
பிறந்த வருசத்திலே, அடையாள அட்டை இலக்கத்திலே
இரண்டுகள் இருக்கும்.
எடுத்துப் பார்க்கலாம்.
பார்க்கவில்லை.

புதுப் பெட்டி வாங்க எல்லோரும் கை உயர்த்தினோம்.
விலை கேட்டுவர ஒருவரும் போகவில்லை.

கூட்டுறவுத் திணைக்களத்திலிருந்து வந்தவர்
வரவேண்டியது ஐந்நூறு என்ற வரியில்
விரலை வைத்துக் கேட்டார்:
"யாரிடமிருந்து?"
"சங்கத்தாரிடமிருந்து."
"பெயர் வேண்டும்.
இல்லாவிட்டால் வெட்டிவிடுங்கள்."

வெட்டவில்லை.
அடுத்த வருசக் கொப்பியின் முதல் பக்கத்தில்
அதே வரியைத் திரும்ப எழுதினேன்,
பெயருக்கான இடத்தைக்
கொஞ்சம் அகலமாக விட்டு.