மதிப்பாய்வாளர் இரண்டு

மின்னஞ்சல் வந்தபோது கோணேசபுரியில் கரண்ட் இல்லை.
சாகப்போகும் கைபேசியின் வெளிச்சத்தில் வாசித்தேன்:
தங்கள் துறைசார் அறிவை மதித்து
இக்கட்டுரையை மதிப்பிட அழைக்கிறோம்.
இருபத்தொரு நாள். கொடுப்பனவு இல்லை. பெயர் வராது.
வேறு யாரும் பறித்துவிடுவார்களோ என்பதுபோல்
ஒப்புக்கொள்கிறேன் என்ற பொத்தானை அழுத்தினேன்.

உப்பாற்றுப் பக்கத்துக் கிணறுகளில் உவர் ஏறும் விதம்.
முப்பத்திரண்டு கிணறுகள், ஆறு அட்டவணைகள்.
எழுதியவரின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில்
வெள்ளை.

பஸ் நிலையத்தருகே பிரிண்ட் எடுத்து
பிளேன்டீக்கு நின்ற இடத்தில்
புள்ளிமான் ஒன்று பின்னால் வந்து
உசாத்துணைப் பட்டியலை இழுத்துத் தின்றது.
இந்த ஊர் மான்களுக்கு மனிசப் பயம் கிடையாது.
முதலாம் மதிப்பாய்வாளர் அதுதான் என்றேன் ருக்சியாவிடம்.
அவள் சிரிக்கவில்லை.
"மான் காரணம் சொல்லாமல் தின்னும்.
நீ காரணம் எழுது."

முதல் இரவு இரண்டு பக்கம் வந்தது.
ஆசிரியருக்குப் புள்ளியியல் தெரியாது.
மொழி அவலம்.
இதில் புதிதாக என்ன?
காலையில் வாசித்தால்
கேட்டுப் பழகிய குரல்.
மூன்று வருசத்துக்கு முன் என் கட்டுரைக்கு வந்த
ஒன்பது வரிகள்.
அழுது முடித்துவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன்.
விரலுக்குள் சேமித்து வைத்திருக்கிறேன்.

அழித்தேன்.
"ஆசிரியர்" என்று தொடங்கிய வாக்கியங்களை
"கட்டுரை" என்று தொடங்கிப் பார்த்தேன்.
பாதி வாக்கியங்கள் அங்கேயே செத்தன.
"தவறு" என்ற இடங்களில்
"எனக்கு விளங்கவில்லை" என்று மாற்றினேன், பணிவுக்காக.
பிறகு கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தால்
சில இடங்களில் எனக்கு உண்மையிலேயே விளங்கியிருக்கவில்லை.

பதினைந்தாம் நாள் அந்தத் திகதி கண்ணில் பட்டது.
டிசம்பர் பதினேழு, ஒன்பது கிணறுகள்.
டிசம்பர் பதினேழு எனக்குத் தெரியும்.
கிண்ணியாப் பாலத்தடியில் பஸ்ஸை மறித்து இறக்கிவிட்டார்கள்,
உப்பாற்றுக்குப் பாதையே இல்லை, எங்கும் தண்ணீர்,
செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு
இரண்டு மணித்தியாலம் நின்றவள் நான்.

படிவத்தில் இரண்டு பெட்டிகள்.
ஒன்றை எழுதியவர்கள் வாசிப்பார்கள்.
மற்றது பதிப்பாசிரியரின் கண்ணுக்கு மட்டும்.
அதில் தட்டினேன்: தரவு புனையப்பட்டிருக்கலாம்.
மூன்றே சொற்கள்.
கேர்சர் அதன் பக்கத்தில் நின்று துடித்தது.
எழுதியவருக்கு அது போகாது.
போகாததால் பதிலும் வராது.

வெட்டி எடுத்து மற்றப் பெட்டியில்
வேறு வாக்கியமாக வைத்தேன்.
கேள்வி ஏழு: அன்று பாதை வெள்ளத்தில் மூடியிருந்ததாக அறிகிறேன்.
மாதிரிகள் எவ்வாறு எடுக்கப்பட்டன என்று சேர்க்க முடியுமா?

ஏழு வாரம் கழித்துப் பதில்.
கேள்வி ஏழுக்கு நன்றி. பாதை மூடியிருந்தது உண்மை.
படகில் போனோம். பத்தாவது கிணறு தண்ணீருக்கடியில்.
அட்டவணை மூன்றின் வெற்றுக் கட்டம் அதுதான்.

அட்டவணை மூன்றைத் திறந்து பார்த்தேன்.
அந்தக் கட்டத்தை அச்சுப்பிழை என்று
நான் தாண்டிப் போயிருந்தேன்.

கட்டுரை வெளியானபோது கடைசிக்குப் போனேன்.
மாரி வெள்ளத்தில் எம்மை ஏற்றிச்சென்ற
படகோட்டி மு. ஜுனைதீனுக்கும்
பெயர் அறியாத மதிப்பாய்வாளர் இருவருக்கும் நன்றி.
ஒரே வரியில் அவரும் நானும்.
வெள்ளத்துக்குள் போனவர் அவர்.

நேற்று இன்னொரு அழைப்பு: இறால் பண்ணை நோய்கள்.
எனக்கு இறாலைத் தின்ன மட்டும்தான் தெரியும்.
மறுக்கிறேன் என்ற பொத்தானை அழுத்தினால்
அதற்கும் கீழே
காரணம் எழுத ஒரு பெட்டி.