வாளையாரில் தனிஸ்லாஸ்

செக்போஸ்ட்டில் லாரிகள் இன்னும் வரிசையில்தான் நிற்கின்றன.
சிமெண்டு, கோழி, தேங்காய்ப் புண்ணாக்கு.
பின்விளக்கு எரியாத ஒன்று எப்போதும் இருக்கும்.
பார்த்து நடந்தேன்.

உன் பெயரை மலையாளத்தில் சரியாகவும்
தமிழில் ஒரு கால் குறைத்தும் வெட்டியிருக்கிறார்கள்.
தனிஸ்லஸ். வயது இருபத்து மூன்று.
நீ பார்த்திருந்தால்
கல் கொத்தியவனின் குரலிலேயே
மன்னிப்புக் கேட்டிருப்பாய்.

மைக்செட்காரன் நான். பூ கொண்டுவரவில்லை.
கொழிஞ்சாம்பாறைப் பெருநாளில் நீ கடித்த
மைக்கின் பஞ்சு பையில் இருக்கிறது.
வைக்கலாமென்று வந்தேன்.
வைக்க மனமில்லை.

மந்திரிகள் ஏழு பேர்,
ஒரு பிரஷர் குக்கர்,
தாழ்ந்து வரும் ஹெலிகாப்டர்,
குட்டியைத் தேடும் பிடியானை.
கஞ்சிக்கோட்டில் அதைச் செய்தபோது
முன்வரிசை வனக்காவலர்
டார்ச்சோடு எழுந்துவிட்டாரே!

குழி வெட்டும் வர்க்கி கேட்டார்:
"பையன்டெ சொந்த சப்தம் எங்ஙனெ?"

நூற்றுப் பன்னிரண்டு மேடை.
யோசித்து யோசித்து
ஒன்றுதான் கிடைத்தது.
எலப்புள்ளி தாண்டி, வேனில், பின்னிரவில்:
"அண்ணே, அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்துங்க. குளிருது."
சற்றுக் கீச்சென்று,
வேறு யாருடையதும் இல்லாமல்.
நான் சாத்தவில்லை.
கையில் பீடி புகைந்துகொண்டிருந்தது.

வர்க்கியிடம் இதைச் சொல்லவில்லை.
"நல்ல குரல்" என்றேன்.

கீழே தண்டவாளத்தில் வண்டி வந்தது.
யானை கடக்கும் இடமென்பதால்
மெதுவாக, நீளமாக ஹாரன் அடித்துக்கொண்டு.
எல்லாம் சரியாகத்தான் இருந்தது.
நீ செய்யும்போது
கடைசியில் ஒரு மூச்சு இழுப்பாய்.
அது இல்லை.