ஏப்ரல் ஒன்பதுக்கு ஒரு வரி

நஜிமுதீன் நானாவின் அச்சகத்தில்
கிழிக்கிற கலண்டருக்குப் பிழை திருத்துகிறவள் நான்.
தாளின் மேலே பெரிய ஒன்பது,
கீழே பங்குனி இருபத்தாறு, வியாழன்,
இராகு காலம் ஒன்றரையிலிருந்து மூன்று,
சூலம் தெற்கு, பரிகாரம் தைலம்.
அதற்கும் கீழே, பொடி எழுத்தில்,
'இந்நாளில்'.

ஒரு வரிக்குத்தான் இடம்.
ஏழு சொல்லுக்கு மேலே போனால்
அடியிலுள்ள இரும்புக்கடை விளம்பரத்தில் ஏறிவிடும்.
இரும்புக்கடைக்காரர் காசு கட்டியிருக்கிறார்.

மற்ற முந்நூற்று அறுபத்துநான்கும் எழுதியாயிற்று.
பெரும்பாலும் லேசான நாட்கள்.
யாரோ ஒரு விஞ்ஞானி பிறந்தார்,
எங்கேயோ ஒரு பாலம் திறந்தார்கள்.
இந்த ஒன்பதில்தான் கை நிற்கிறது.

நாற்பத்திரண்டாம் ஆண்டு. அதுவும் வியாழன்.
காலை ஏழரை இருக்கும்,
துறைமுகத்துக்கு மேலே ஜப்பான் விமானங்கள்.
சீனக்குடாவில் ஒன்று எண்ணெய்த் தாங்கிக்குள் விழுந்தது.
ஏழு நாள் எரிந்ததாம்.
அன்றைய பஞ்சாங்கத்திலும்
பரிகாரம் தைலம் என்றுதான் இருந்திருக்கும்.

அதே நாளில், கடலுக்கு அந்தப் பக்கம், பட்டானில்
ஒரு பெரும்படை ஆயுதத்தைக் கீழே வைத்தது.
அது ஏழு சொல்லில் அடங்கும்.
அடங்குகிறபடியால் வேண்டாம்.

இரண்டாயிரத்து மூன்று:
பக்தாத்தில் ஒரு சிலையைச் சங்கிலி கட்டி இழுத்தார்கள்.
திருஞானசம்பந்தர் வீதித் தேத்தண்ணிக் கடையில்
டீவிக்கு முன்னால் நின்றபடி பார்த்தோம்.
சமாதான காலம்.
கொழும்பு இரவு பஸ்ஸுக்கு எழும்பின ஆள்கூட
சிலை சரியும்வரை படியில் கால் வைக்கவில்லை.
"பெற்றோல் விலை ஏறப்போகுது,"
என்றார் கடைக்காரர், கோப்பையைக் கழுவிக்கொண்டு.

இரண்டாயிரத்து இருபத்திரண்டு:
சீனக்குடாவில் தாங்கிகள் நூறுக்கு ஒன்று குறைவு.
டவுனில் இரண்டு லீற்றருக்கு
ஒரு கிலோமீற்றர் வரிசை.
ஸ்கூட்டியைத் தள்ளித் தள்ளி நானும்.
காலிமுகத்திடலில் கூடாரம் அடிக்கிறார்கள் என்று
முன்னுக்கு நின்ற ஓட்டோக்காரர்
போனைத் திருப்பிக் காட்டினார்.
சிங்களத்தில் கத்தினார்கள்.
வரிசை முழுவதுக்கும் விளங்கியது.
அந்த வருஷம் கடதாசியும் இல்லை.
நானா கலண்டரைப் பாதி அளவில் அடித்தார்,
'இந்நாளில்' இல்லாமல்.

தொண்ணூற்றொன்று.
தவனேசன் அண்ணா மடத்தடியில் சைக்கிளைப் பூட்டிவிட்டு
மண்ணெண்ணெய்க் கானோடு நடந்தார்.
எந்தப் புத்தகத்திலும் இது இல்லை.
மூன்றாம் நாள் அப்பாவும் நானும் போய்
சைக்கிளைத் தூக்கிக்கொண்டு வந்தோம்.
திறப்பு அவரிடம், பின்சில்லு உருளாது.
வழியில் இரண்டு இடத்தில் இறக்கிவைத்தோம்.
இரண்டாவது இடத்தில் அப்பா மணியை அடித்துப் பார்த்தார்.

கச்சேரிக் கடதாசியில்
'காணாமற்போன திகதி' என்ற கட்டத்துக்குள்
எழுதுவினைஞர் ஏப்ரல் பத்து என்று போட்டார்.
பிழை.
அப்பா சொன்னார், நான் சொன்னேன்,
கட்டத்தை வெட்டி எழுத ஏலாதாம்,
வெட்டினால் கடதாசி செல்லாதாம்.
அதற்குப் பிறகுதான்
நான் இந்த வேலைக்கு வந்தேன்.

"என்ன பிள்ளை, பிளேட் போடலாமா?"
நானா கதவடியில் நிற்கிறார்.

எழுதிக் கொடுத்தேன்:
1942: திருகோணமலைத் துறைமுகத்தில் ஜப்பான் குண்டுவீச்சு.
எண்ணிப் பார்த்தார். ஐந்து.
"இன்னும் ரெண்டு சொல்லுக்கு இடம் கிடக்கே?"
இருந்தன, என்னிடம் இரண்டு.
"கிடக்கட்டும் நானா," என்றேன்.

கழித்த தாள்களைப் பின்னேரம் வாசலில் கொட்டுவோம்.
கோட்டைப் பக்கமிருந்து மான்கள் வரும்.
பசை மணக்கிற ஓரத்தைத்தான் முதலில் கடிக்கும்.
இன்றைக்குக் கொம்பு வைத்த ஒன்று
றோட்டின் நடுவில் ஏப்ரலை மென்றுகொண்டு நிற்கிறது.
மூதூர் பஸ் ஹோர்ன் அடிக்கிறது.
அது விலகவில்லை.