நிழலுக்குக் கட்டம் இல்லை

மொட்டைமாடிகளைப் பார்ப்பது என் வேலை.
ஒன்பதுக்குக் கொளத்தூர், பதினொன்றுக்குப் பெரம்பூர்.
கையில் டேப்லெட், பையில் இன்ச் டேப்,
தலையைச் சுற்றித் துப்பட்டா.
கரண்ட் கீசரைக் கழற்றிவிட்டுச்
சூரியனுக்கு மாறியவர்களுக்கு
அரசாங்கம் கொஞ்சம் பணம் திருப்பித் தருகிறது.
மாறினார்களா என்று பார்த்துவர
என்னை அனுப்புகிறது.

முதல் படம், பழைய கீசர் இருந்த சுவர்.
நான்கு ஆணி ஓட்டை, ஒரு சதுர வெளுப்பு,
கீழே துரு ஒழுகிய கோடு.
கழற்றிய காயிலைச் சிலர் காட்டுவார்கள்:
போர் தண்ணீர் உப்பு
பவளம் மாதிரி பூத்திருக்கும்.
பிறகு மாடி.
கண்ணாடிக் குழாய்களை எண்ண வேண்டும்.
பதினைந்து. சில வீடுகளில் இருபது.
பக்கத்தில் நின்று வீட்டுக்காரர் சிரிக்க வேண்டும்,
அது விதியில் இல்லை, ஆனாலும் சிரிக்கிறார்கள்.

"மே மாசம் டேங்க்லேர்ந்து வர்ற தண்ணியில
அரிசியே வேகும். அதுக்கு ஏம்மா மானியம் இல்ல?"
ஐ.சி.எஃப்.பில் ஓய்வுபெற்ற தேவசகாயம் கேட்டார்.
சென்னைக்கு எதற்கு வெந்நீர் என்று
எல்லாரும் ஒருமுறை கேட்டுவிடுகிறார்கள்,
கேட்ட வாயாலேயே காரணமும் சொல்கிறார்கள்:
மூட்டு, சைனஸ், மகள் பிரசவம்,
யூனிட் ஐந்நூறைத் தாண்டிவிடும் பயம்.
ஒருத்தர் மட்டும்
"சும்மாதான். பிடிக்கும்" என்றார்.
அன்று அவர் விண்ணப்பத்தைத்தான் முதலில் அனுப்பினேன்.

எனக்கு அயனாவரத்தில் வாடகை வீடு.
விண்ணப்பத்தில் ஓனர் கையெழுத்து வேண்டும்.
ஓனர் துபாயில்.
பக்கெட்டில் ராடு போட்டுக் குளித்துவிட்டு
சுவிட்சை அணைத்தேனா என்று
29சி-யில் பாதி வழியில் யோசிப்பவள் நான்.

நேற்று அகரம். மூன்றாம் மாடி.
குமுதவல்லி, இட்லி மாவு அரைத்து விற்பவர்.
நாள் முழுக்கப் பிசுக்குப் பாத்திரம்,
சீட்டு எடுத்து வாங்கிய கருவி.
ஆர்டர் கொடுத்தபோது கிழக்கே காலி மனை,
ஒரு முருங்கை, இரண்டு ஆட்டோ.
இப்போது ஐந்து மாடி, புது பெயின்ட் வாசனையோடு.

தெற்கு நோக்கி உள்ளதா? ஆம்.
சாய்வு சரியா? ஆம்.
கருவி வேலை செய்கிறதா?
ஆம், இல்லை, இரண்டே பொத்தான்.
நிழலுக்குக் கட்டம் இல்லை.

"கொஞ்சம் உக்காருங்க, வரும்" என்றார்,
தாமதமாகும் விருந்தாளியைச் சொல்வது போல.
மோர் கொண்டுவந்தார்.
பக்கத்துக் கட்டடத்தின் நிழலில் உட்கார்ந்தோம்.
பங்குனி வெயிலுக்கு
அது என்ன சுகமான நிழல்!
இரண்டு பேரும் அதை வெளியே சொல்லவில்லை.
மாவு புளிக்கும் கணக்கைப் பேசினோம்,
கல் உப்பா தூள் உப்பா என்று பேசினோம்.
பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு
முதல் குழாயில் ஒரு கோடு வெளிச்சம்.
பிறகு இரண்டாவது. பிறகு எல்லாம்.
அவர் எழுந்து நின்றார், நானும் நின்றேன்.

ஒரு மணிக்குக் கீழே குழாயைத் திறந்தார்.
கை நீட்டினேன்.
ஜுரம் விட்ட குழந்தையின் நெற்றி,
அவ்வளவுதான் சூடு.
"சாயங்காலம் இன்னும் நல்லா இருக்கும்மா" என்றார்,
என் விரலைப் பார்த்துக்கொண்டே.

'ஆம்' அழுத்தினேன்.
வெயில் இருக்கும்போதே படம் எடுத்தேன்.
பணம் வர மூன்று மாதம் ஆகும் என்றேன்.
கால் கிலோ மாவைப் பையில் வைக்கப் பார்த்தார்,
வாங்கக் கூடாது, வாங்கவில்லை.

இன்று காலைப் பட்டியலில் முதல் பெயர்:
அகரம், அதே தெரு,
அடுத்த கதவு எண், ஐந்தாம் மாடி.
இருபது குழாய்.
அங்கே வெயிலுக்குக் குறை இருக்காது.
துப்பட்டாவைத் தேடுகிறேன்.