ஓத அட்டவணை

மழை இல்லை.
மேகம்கூட இல்லை.
அக்டோபர் வெயில் கார்க் கண்ணாடியில் சுளீரென்று அடிக்க
தெருவில் முழங்கால் தண்ணீர்.

நார்ஃபோக்கில் இதற்குப் பெயர் உண்டு:
வெயில்நாள் வெள்ளம்.
முதல் வருடம் சிரித்தேன்.
மூன்றாம் வருடம் ஓத அட்டவணையைக்
குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினேன்,
மகளின் நீச்சல் வகுப்புக்கும்
மின்கட்டணத் தேதிக்கும் நடுவே.

வீடு வீடாகப் போகும் செவிலி நான்.
புண் கழுவுவேன், ஊசி போடுவேன், சர்க்கரை பார்ப்பேன்.
என் வேலை நேரத்தை இப்போதெல்லாம்
நிலா குறித்துத் தருகிறது.
பௌர்ணமி வாரமென்றால்
ஒடெஸ்ஸாவுக்குக் காலை ஆறு மணி,
வெண்டல் ரிடிக்குக்குப் பிற்பகல் மூன்று.
இடைப்பட்ட நேரத்தில்
பாலத்தடி ரோடு கடலுக்குச் சொந்தம்.

சில நாள் காத்திருக்க முடியாது.
சர்ச் மேட்டில் காரை நிறுத்தி
ரப்பர் பூட்ஸ் மாட்டி
இன்சுலின் பையை மார்போடு அணைத்து நடப்பேன்.
ஒருமுறை பாதசாரிக் கோட்டின் மேல்
நண்டு ஒன்று பக்கவாட்டில் கடந்தது.
நின்று வழிவிட்டேன்.
யார் வீட்டுக்கு யார் விருந்தாளி என்பது
அந்த நிமிடம் தெளிவாக இல்லை.

ஓதம் என்றால் எனக்குச் சுவரில் ஏறும் ஈரம்.
கடலின் ஏற்றத்துக்கும் அதே சொல்தான் என்று
இங்கே வந்தபிறகு அகராதியில் பார்த்தேன்.
ரிடிக் வீட்டுக் கூடத்தில் அகராதி தேவையில்லை.
கதவு வழியாக வந்ததும்
சுவர் வழியாக ஏறியதும்
ஒரே உப்பு.

கப்பல் தளத்தில் முப்பத்தோராண்டு
இரும்பைப் பற்றவைத்தவர்.
சர்க்கரை ஒரு காலை எடுத்தது,
பிறகு மற்றதையும்.
“நான் கட்டினதெல்லாம் மிதந்துச்சு,
வாங்கின இது மட்டும் மிதக்கல” என்பார்
சக்கர நாற்காலியின் துருவைத் துணியால் தேய்த்தபடி.

நகராட்சி மானியம் அறிவித்தது.
வீட்டைப் பத்தடி தூக்குவார்களாம்.
இரும்புத் தூலம் செருகி, ஜாக்கி வைத்து
அங்குலம் அங்குலமாக
இதே வரிசையில் ஆறு வீடுகள் எழுந்துவிட்டன,
சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு
வாய்க்கால் கடக்கத் தயங்கும் பெண்களைப் போல.

விண்ணப்பம் பதினேழு பக்கம்.
கூரைக்கு எத்தனை வயது,
அஸ்திவாரம் எந்த வகை,
இதுவரை எத்தனை வெள்ளம்.
நான் வாசிக்க, அவர் சொல்ல, நிரப்பினோம்.
வரைபடத்தில் வாசலுக்குப் பதினாறு படிகள்.
அவர் தன் மடியைப் பார்த்தார்.
போர்வை தட்டையாகும் இடத்தைப் பார்த்தார்.
நான் பக்கத்தைத் திருப்பினேன்.
அங்கேயும் அதற்குக் கட்டம் இல்லை.

சாய்தளம் போட்டால் நூற்றிருபது அடி ஓட வேண்டும்.
வீட்டு முன்னால் இருப்பது நாற்பது.
“மீதி எண்பது அடி ஆத்துக்குள்ள போகும்,
நல்லதுதான், அங்கேயே மீன் பிடிப்பேன்.”
மின்தூக்கி கேட்டுக் கடிதம் எழுதினேன்.
பிறகு இன்னொரு கடிதம்.

இதற்கிடையே சனிக்கிழமைகளில்
லஃபாயெட் ஆற்றங்கரையில் ஆட்கள் கூடுகிறார்கள்.
உணவகங்கள் எறிந்த சிப்பி ஓடுகளை
மாதக்கணக்கில் வெயிலில் காயப்போட்டு
வலைப்பையில் நிரப்பி
அலை வரும் வழியில் அடுக்குகிறார்கள்.
யாரோ எலுமிச்சை பிழிந்து தின்ற ஓட்டில்
குஞ்சுச் சிப்பி வந்து ஒட்டும்.
அதன்மேல் இன்னொன்று.
அதன் பின்னால், சேறு தங்கினால், உவர்ப்புல்.
கான்கிரீட் சுவர் வளராது, இது வளரும்.
கடல் ஏறும் வேகத்துக்கு வளருமா என்று கேட்டேன்.
ஆராய்ச்சி செய்யும் பெண் தோளைக் குலுக்கினாள்.
நேர்மையான தோள்.

பைகளுக்கு வாய்கட்டுவது ரிடிக்.
மற்றவர்கள் கட்டியது இரண்டு வாரத்தில் அவிழ்ந்துவிட்டது.
போன சனிக்கிழமை மட்டும் அறுபத்துமூன்று பை.
விரலில் ஓடு கிழித்த கோடுகளுக்கு
நான் மருந்து போட்டேன், திட்டிக்கொண்டே.
சர்க்கரைக்காரர் விரல் அது.
அடுத்த வாரம் கையுறை போடுவதாகச் சொன்னார்.
போடமாட்டார்.

ஏழாவது கடிதத்துக்குப் பதில் வந்திருக்கிறது.
அளவெடுக்க அதிகாரி வருகிறார்,
வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு.
குளிர்பெட்டிக் கதவைப் பார்த்தேன்.
அன்றைக்கு, அந்நேரம், உச்ச ஓதம்.

நேரத்தை மாற்றச் சொல்லவில்லை.
பூட்ஸ் போட்டு வாருங்கள் என்றும் சொல்லவில்லை.