முந்நூற்று நாற்பது மரங்களும் ஒரு வாத்தும்

ரெண்டு மணிக்குத் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு இறங்கினால்
அஞ்சரைக்குள் வெட்டு முடிந்துவிடும்.
அதன்பிறகு பால் சொட்டும் நேரம்.
மரத்துக்கு வேலை, எனக்கு இல்லை.

குத்தகைத் தோட்டத்தின் ஒன்பதாம் வரிசையில் ஒரு பாறை.
களியல் டவர் எட்டிப் பார்க்கும் ஒரே இடம்.
இடுப்பில் புகையும் கொசுவத்தி,
மடியில், மகனின் ஆன்லைன் வகுப்புக்கு வாங்கிய போன்.
கண்ணாடி கீறிப்போச்சு என்று
வேலைக்குப் போனபோது விட்டுச் சென்றது.

மீன்கறி வீடியோ தேடிய விரல் வழுக்கி
ஒரு கறுப்பு வெள்ளைக் கதையில் விழுந்தது.
முதல் கட்டத்தில் பிணம்.
அடுத்ததில் அது எழுந்து உட்கார்ந்தது,
பிறகு சிரித்தது, சோறு தின்றது,
கடைசியில் பள்ளிக்கூடம் போனது.
கொள்ளாமே என்று மூன்று நாள் வாசித்தேன்.
நாலாம் நாள்தான் தெரிந்தது
அந்த நாட்டுக்காரர்கள் வலமிருந்து இடம் போவார்களாம்.

திரும்பச் சரியாக வாசித்தேன். அழுதேன்.
பிறகு, தெரிந்துகொண்டே தப்பாக வாசித்தேன்.

எங்கள் கத்தி இடத்தே உசரத்தில் தொடங்கி
வலத்தே தாழ்ந்து இறங்கும்.
வெட்டும் பட்டைக்குப் பேனல் என்று
ரப்பர் போர்டு பயிற்சியில் சொன்னார்கள்.
படக்கதையின் கட்டத்துக்கும் அதே பேராம்.
ஆழம் போனால் மரம் சாகும்,
மேலோடு போனால் பால் இல்லை.
சிலர் கோடு போட்டிருப்பதைப் பார்த்தால்
இவன் எங்கோ மரம் வெட்டியிருப்பான் என்று தோன்றும்.

வாத்து வந்தது அப்புறம்தான்.
வியாழக்கிழமைதோறும் ஒரு பக்கம்.
லிஃப்ட் இயக்கும் வாத்து.
யார் வரைகிறார், எந்த நாடு, தெரியாது.
பேச்சுக் குமிழிக்குள் கொக்கி கொக்கியாய் எழுத்து.
தமிழில் சொல்லு என்று போனைக் கேட்டால்
“தயவுசெய்து உங்கள் தளத்தை விழுங்கவும்” என்றது.
வாத்தின் கழுத்து அதைவிடத் தெளிவாகப் பேசியது.
சில விடியல்களில் விட்டில் ஒன்று வந்து
வெற்றுக் குமிழியில் உட்காரும்.
அதையும் வாசித்தேன்.

“இந்த வயசிலயா பொம்மைப் படம் பாக்குத, சுஜிலா?”
அடுத்த தோட்டத்து ரெத்தினபாய்க்கு ஒரே சிரிப்பு.
இடவப்பாதி மழையில் வெட்டு நின்ற பதினோரு நாளில்
அவளுக்க போனிலும் ஏற்றிக் கொடுத்தேன்.
பன்னிரண்டாம் நாள் குடையோடு வந்து நின்றாள்.
“பிள்ளே, ஏழாம் மாடிக்காரன் இன்னும் எறங்கலியே?”

பதின்மூன்றாம் மாடி.
கதவு பாதி திறக்கிறது, வாத்து எட்டிப் பார்க்கிறது.
அந்த வியாழனோடு சரி.
அடுத்த வியாழன் இல்லை. அதற்கடுத்ததும்.
படக்காரனுக்குக் காய்ச்சலோ, கடனோ, கல்யாணமோ.
ரப்பர் மரம்கூட
இலையைக் கொட்டிச் சொல்லிவிட்டுத்தான் ஓயும்.

ஆறாவது வியாழன்
டிஷ்ஷில் ஆசிட் விட்டு உறைந்த பாலில்
ஆணி முனையால் நானே கீறினேன்.
பாதிக் கதவு. வாத்து.
வெளியே ஒரு மரம், மரத்தில் ஒரு சிரட்டை.
ரோலரில் கொடுத்துச் சுற்றினேன்.
ஷீட் நீள நீள வாத்து கொக்காகிவிட்டது.
வரி ரோலர் அதன்மேல் மழை பெய்தது.

குலசேகரத்துக் கடையில்
வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார் அருள்தாஸ்.
“இதென்ன சவம், கொக்கா?”
“வாத்து.”
“கிரேடு போச்சு, கேட்டியளா. கிலோவுக்கு நாலு ரூவா கொறையும்.”
முக்கால் கிலோ படம்.
மூணு ரூபாய் நஷ்டம்.

இந்நேரம் அது டயராகி
ஏதோ லாரிக்கு அடியில் உருண்டுகொண்டிருக்கும்.
வாத்து மேலே போகும், கீழே வரும்,
மேலே போகும்.
அதற்குப் பழக்கம்தான்.